மூன்று முறை கூப்பிட்ட பெயர்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், பழைய போர்வைகளுக்கு அடியில், ஒரு கறுப்புக் கம்பளி இருக்கிறது. தொட்டால் கையைக் குத்தும். ஓரத்தில் சிவப்பு நூலில் ஒரு கோடு ஓடுகிறது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும், மழைக்காலத்தில் அலமாரியைத் திறந்தால் விறகுப் புகையும் பச்சைக் கொழுந்தும் கலந்த ஒரு வாடை இன்னும் வரும். என் மகள் சிறுமியாக இருந்தபோது, "இது யாருதும்மா?" என்று கேட்டாள். "உன் தாத்தாவுக்கு எஸ்டேட் ஆபீஸில் கொடுத்தது" என்றேன். அந்தப் பதிலில் இரண்டு பொய்கள் இருந்தன. கம்பளி தாத்தாவுடையது அல்ல. தாத்தா ஆபீஸில் வேலை பார்த்தவரும் அல்ல.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மகள் கோயம்புத்தூர் விடுதியிலிருந்து போனில் பேசினாள். சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாள். போனை வைத்துவிட்டு நேராக அந்த அலமாரியின் முன் போய் நின்றேன். அவள் சொன்னதைக் கடைசியில் எழுதுகிறேன். அது ஏன் என்னை இப்படி உலுக்கியது என்று புரிய வேண்டுமானால், முதலில் எதிர் லயத்து அக்காவைப் பற்றி எழுத வேண்டும்.

கேரளத்துப் பீர்மேட்டில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில் பிறந்தவள் நான். பத்து வீடுகள் முதுகோடு முதுகாக ஒட்டியிருக்கும் வரிசைதான் லயம். அப்பா ஃபாக்டரியில் கொழுந்துச் சாக்கு சுமந்தார். அம்மா கொழுந்து கிள்ளினாள். அக்கா எங்களுக்கு உறவில்லை. எதிர் லயம், என்னைவிட ஐந்து வயது மூத்தவள், அவ்வளவுதான். எட்டாம் வகுப்பில் முதலாவதாக வந்த வருடம் அவளுடைய அப்பா இறந்துபோனார். எஸ்டேட்டில் வேலை இருக்கும்வரைதான் வீடு. அம்மாவுக்கோ ஓயாத நெஞ்சுச்சளி. அதனால் அக்கா பேர் பதிந்தாள். அதாவது எஸ்டேட்டின் ஆள் பட்டியலில் அப்பாவின் பெயர் இருந்த இடத்தில் அவள் பெயர் ஏறியது. ஆனால் படிப்பை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் புத்தகங்களை வாங்கிக்கொண்டு போவாள். சாயங்காலம் திருப்பித் தரும்போது கொழுந்துக் கறை படிந்த அவளுடைய விரல் தடங்கள் ஓரங்களில் இருக்கும். ஒரே வருடம் இருவரும் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினோம், நான் பள்ளியிலிருந்து, அவள் தனியாக. நான் தேறினேன். அவள் கணக்கில் தவறினாள்.

அந்த எஸ்டேட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அந்தக் காலத்தில் கேரளத்தில் பத்தாம் வகுப்பு தேறினாலே கல்லூரியில் பிரிடிகிரி சேரலாம். தமிழை இரண்டாம் மொழியாக எடுத்துப் படிக்க வேண்டுமென்றால் பாலக்காட்டுப் பக்கம்தான் போக வேண்டும் என்று பள்ளியில் சொன்னார்கள். இரண்டு பஸ், ஒரு ரயில், மறுபடி ஒரு பஸ். புறப்பட்ட அன்று அக்கா அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்து என் தகரப் பெட்டியை மெயின் ரோடு வரை தலையில் சுமந்தாள். மழைக்கும் குளிருக்குமாக எஸ்டேட்டில் ஆட்களுக்குக் கம்பளி கொடுப்பார்கள். அந்த முறை தனக்குக் கிடைத்த புதுக் கம்பளியை மடித்து என் பெட்டியில் வைத்தாள். "உனக்கு?" என்றேன். "பழசு இருக்குட்டி. கிழிஞ்ச எடத்துல ஒட்டுப் போட்டா இன்னும் ரெண்டு மழை தாங்கும். நீ பெட்டிக்கு அடியில வையி, அங்க போயி போத்திக்கிட்டு ராணி மாதிரி படுத்துக்கோ" என்றாள். பஸ் வந்ததும், "போயி எடம் பிடிச்சு வையி. அடுத்த வருஷம் நான் வாரேன்" என்று கத்தினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அதற்கு முன்பு, கல்லூரிச் சேர்க்கை நேர்காணலுக்கு அப்பாவோடு போன நாளில் நான் செய்த தவறை இங்கே சொல்ல வேண்டும். எஸ்டேட் ஆபீஸுக்கு ஒரு கதவு உண்டு. ஆனால் லயத்து ஆட்களுக்கு அது கதவு அல்ல. துரையும் கிளார்க்குகளும் போய் வரும் வழி அது. எங்களுக்கு ஜன்னல்தான். லீவு கேட்பதும், மருந்துச் சீட்டு வாங்குவதும், வந்த கடிதத்தைப் பெற்றுக்கொள்வதும் ஜன்னலில்தான். தட்டக் கூடாது. கூப்பிடக் கூடாது. உள்ளே இருப்பவர்களுக்கு மனது வந்து பலகையைத் திறக்கும்வரை இறவாரத்தின் கீழ் நிற்க வேண்டும். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். அதனால் கல்லூரிக்குள் நுழைந்ததும், ஆபீஸ் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நேராகப் போய் அதன் மூடியிருந்த ஜன்னலின் கீழ் நின்றேன். அப்பாவும் பக்கத்தில் கை கட்டி நின்றார். இப்படி ஓர் இடத்தில் கதவு வழியாக உள்ளே போகலாம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. நேர்காணல் கட்டடத்தின் மறுபக்கத்தில் பெரிய ஹாலில் நடந்துகொண்டிருந்தது. தன் மகளைச் சேர்க்க வந்த பாலக்காட்டுத் துணிக்கடை ராவுத்தர் ஒருவர் அந்த வழியாக வந்தவர், எங்களைப் பார்த்து நின்றார். "என்னம்மா, ரயில் டிக்கெட்டா எடுக்கப்போறே, ஜன்னல்ல நிக்கிறே? அங்கே ஒரு பேரை விளிச்சுக்கிட்டே இருக்கான், ஒன்னோடதான்னு பாரு, ஓடு!" என்றார். ஓடினேன். என் பெயர்தான். மூன்றாவது முறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ராவுத்தரை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. ஒரு வாய் வார்த்தையில் என் வாழ்க்கையைத் திருப்பிவிட்டுப் போய்விட்டார்.

விடுதியில் என் அறைத்தோழி கொல்லங்கோட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். நெல் வயல், தென்னந்தோப்பு, வீட்டில் நான்கு ஜோடி மாடு. முதல் நாளே, "உங்கய்யன் எஸ்டேட்டுல என்ன வேல பாக்கறாரு புள்ள?" என்று கேட்டாள். அவளுக்கு அது சாதாரணக் கேள்வி. "ஆபீஸில்" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. எஸ்டேட்டில் எனக்குத் தெரிந்த உயரமான இடம் அதுதான். பிறகு அந்தச் சொல்லைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. கம்பளியைப் பெட்டியின் அடியில் போட்டு மேலே பழைய செய்தித்தாளைப் பரப்பினேன். அறைத்தோழி என்னைக் கொல்லங்கோட்டுக்கு அழைத்துப்போனாள். அவளுடைய அம்மா எனக்கு உள்வீட்டில் இலை போட்டு, "கூச்சப்படாமெ உண்ணுங்க கண்ணு. ஆபீசு வேலக்காரரு புள்ள, எளச்சுப் போயி இருக்கறீங்க" என்று சொல்லித் தயிரை ஊற்றினார். அந்த வீட்டின் பின்கட்டுக்கு வெளியே, களத்து வேலைக்கு வந்த பெண்கள் தேங்காய் ஓட்டில் குடிக்கத் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் எந்தப் பக்கம் உட்கார வேண்டியவள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் இரண்டாம் முறை தயிர் வாங்கினேன்.

மறு வருடம் அக்கா தேறினாள். என்னைவிட அதிக மார்க். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன். அவளுடைய தம்பிக்கு அந்த வருடம் வயது வந்து பேர் பதிந்துவிட்டதால் வீட்டுக்கு ஆபத்தில்லை. அக்காவின் அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். இந்த வருடம் சீட்டு கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் இனிமேல் படிப்பென்று வாயைத் திறக்கக் கூடாது, பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அக்கா இதையெல்லாம் எழுதி, கடைசியில், "எனக்கு அங்கே உன்னைத் தவிர யாரையும் தெரியாது" என்று முடித்திருந்தாள். விண்ணப்பத்தை வாங்கி அனுப்பினேன். எந்த ரயில், எங்கே மாற வேண்டும், என்னென்ன சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதினேன். "நான் இருக்கிறேன், எல்லாம் பார்த்துக்கொள்கிறேன்" என்றும் எழுதினேன். அதன் கீழே ஒரு வரி. "வந்ததும் என்னைப் பற்றி யாரிடமும் விசாரிக்காதே. ஆபீஸ் பக்கத்தில் நில். நானே வருவேன்." ஜன்னலைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. மறந்தேனா என்று பல வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மறக்கக்கூடிய விஷயமா அது?

அவள் வந்த நாள் மழைநாள். எங்கள் வகுப்பு மாடியில். வராந்தாவில் நின்றால் கீழே முற்றமும், அதன் ஒரு பக்கத்தில் ஆபீஸ் ஜன்னலும் தெரியும். காலை பத்து மணிக்கு எட்டிப் பார்த்தேன். ஜன்னலின் கீழ் நின்றுகொண்டிருந்தாள். விசேஷத்துக்குக் கட்டும் மஞ்சள் சேலை. கையில் துணிப்பை. நெஞ்சோடு அணைத்துப் பிடித்த காகித உறை. முகத்தை ஜன்னல் பலகையிலிருந்து எடுக்காமல் நின்றாள். எனக்கு அந்த நிற்பு தெரியும். என் அப்பாவின் நிற்பு அது. இறங்கிப் போக இருபத்தைந்து படிகள். "கதவு அந்தப் பக்கம்க்கா" என்று சொல்ல ஒரு நொடி. போகத்தான் நினைத்தேன். அப்போது தூறல் வலுத்தது. அக்கா பையிலிருந்து பழைய கம்பளியை உதறி எடுத்து, கொழுந்து கிள்ளும் பெண்கள் போட்டுக்கொள்வது போலவே தலையோடு கவிழ்த்துக்கொண்டாள். முற்றத்தில் போன இரண்டு பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் ஆட்டைப் போலக் கத்திக் காட்டினான்.

என் பக்கத்தில் வந்து நின்ற அறைத்தோழியும் பார்த்தாள். "ஆரு புள்ள அது, கம்பளியப் போத்திக்கிட்டு? பட்டியத் தொறந்துவுட்டு வந்தவளாட்ட நிக்கறா" என்று சிரித்தாள். பிறகு, "மலைப் பக்கத்து ஆளாட்ட இருக்குது. உங்க எஸ்டேட்டா? உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது" என்றேன்.

அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கையில கவரு வெச்சிருக்கறா பாரு. இன்டர்வியூக்கு வந்தவளாட்டந்தான் இருக்குது. அங்கெ எதுக்கு நிக்கறா, பாவம். நான் போயி என்னன்னு கேட்டுட்டு வரட்டுமா?"

நான் யாருக்குப் பயந்தேனோ அவள் கேட்ட கேள்வி இது. பாதிப் படி இறங்கியும் விட்டாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "வேண்டாம். சார் வந்துருவாரு. யாராவது சொல்லுவாங்க, நீ வா" என்றேன். "அதுவுஞ் சரிதான்" என்று வந்துவிட்டாள். அவள் போயிருந்தால் அக்கா அவளிடம் என் பெயரைச் சொல்லியிருக்க மாட்டாள். விசாரிக்கக் கூடாது என்று நான்தான் எழுதியிருந்தேனே. எனக்கு எந்த ஆபத்தும் வந்திருக்காது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் அளவுக்குக்கூட எனக்கு நிதானம் இல்லை.

வகுப்பு தொடங்கியது. ஜன்னல் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரை இருக்கும். கட்டடத்தின் மறுபக்கத்திலிருந்து, ஹால் வாசலில் நின்ற பியூன், அக்காவின் பெயரைக் கூப்பிட்டார். மழைச் சத்தத்தில் கீழே முற்றத்துக்குக் கேட்டிருக்காது. மாடியில் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவளுடைய அப்பா பெயரையும் சேர்த்து இரண்டாம் முறை கூப்பிட்டார். நான் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை கூப்பிட்டபோது அறைத்தோழி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எதற்கென்று தெரியாது, தற்செயலாகவும் இருக்கலாம். பிறகு பியூன் வேறொரு பெயரைக் கூப்பிட்டார்.

இரண்டு மணிக்கு ஆபீஸ் ஜன்னல் திறந்தது. கிளார்க் உறையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்டர்வியூ கழிஞ்ஞு, குட்டி. விளிச்சப்போ எவிடெ போயி?" என்று திருப்பிக் கொடுத்தார். யார் கூப்பிட்டார்கள், எங்கே கூப்பிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை, முடிந்துவிட்டது என்பது மட்டும் புரிந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து நான் இறங்கிப் போனேன். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. அதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது. கையைப் பிடித்து யாரும் பார்க்காதபடி சமையற்கட்டின் பின்புறம் அழைத்துக்கொண்டு போனேன். போனதும், ஆறுதல் சொல்லவில்லை. திட்டினேன். "ஜன்னல்லயா நிப்பாங்க? அறிவில்லையா உனக்கு? கதவு எதுக்கு இருக்கு? காலேஜுக்கு வர்றவளுக்கு இதுகூடத் தெரியாதா?" என்றேன். எந்த ஜன்னலின் கீழ் ஒரு வருடம் முன்பு நான் நின்றேனோ அதைக் கையால் காட்டிக் காட்டிப் பேசினேன்.

"தெரியலட்டி பாப்பா. தெறப்பாங்க, தெறப்பாங்கன்னு நின்னேன்" என்றாள் அவள். மன்னிப்புக் கேட்பது போலிருந்தது குரல். "கோவிக்காத. நீ எம்புட்டு மெனக்கெட்ட எனக்காக" என்றும் சொன்னாள். பிறகு துணிப்பையைத் திறந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். ஃபாக்டரித் தேயிலைத் தூள். "உன் கூட்டாளிகளுக்குப் போட்டுக் குடு. நம்ம மலைச் சரக்குன்னு சொல்லு." நான்கு மணி பஸ்ஸுக்கு அவளைப் பின்கேட் வழியாக அனுப்பினேன். பஸ் ஸ்டாண்டு வரை போகவில்லை. அறைக்கு வந்ததும் பொட்டலத்தைப் பார்த்து, "ஆரு புள்ள கொண்டாந்து குடுத்தது?" என்று அறைத்தோழி கேட்டாள். "அப்பா ஆபீஸ் ஆள் ஒருத்தர் இந்தப் பக்கம் வந்தார்" என்றேன். எல்லோரும் குடித்தார்கள். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார்கள். நானும் குடித்தேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, வழியில் வந்த பெண்களெல்லாம் என்னை நிறுத்தி விசாரித்தார்கள். அக்கா தனக்குச் சீட்டு கிடைக்காததற்குக் காரணமாக, ரயில் தாமதமாகிவிட்டது என்று சொல்லியிருந்தாள். நான் ஸ்டேஷனுக்கே வந்து காத்திருந்ததாகவும், சோறு வாங்கிக் கொடுத்ததாகவும் சொல்லியிருந்தாள். அவளுடைய அம்மா என் கன்னத்தைத் தடவி, "உன்னைய மாதிரி ஒருத்தி இருந்தும் எம்மகளுக்குக் குடுத்து வைக்கல" என்றாள். தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மறுநாள் காலை கொழுந்துக் காட்டுக்குப் போய் அக்காவைத் தேடினேன். அவள் தன் நிரையில் கிள்ளிக்கொண்டே போனாள். நான் ஓரத்துப் பாதையில் கூடவே நடந்தேன். கை நிற்கவே இல்லை. ஊர்க்கதை பேசினாள். மாப்பிள்ளை மூணாறு எஸ்டேட்காரர் என்றாள். "ஆளு கறுப்பு, பல்லு மட்டும் வெள்ள. இருட்டுல தேடுததுக்குச் சவுரியம்" என்று சொல்லி அவளே சிரித்தாள். நிரையின் கடைசிக்கு வந்து கூடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டபோது, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அன்னிக்கு நீ நீலத் தாவணி போட்டிருந்த. நல்லா இருந்துச்சு ஒனக்கு."

சமையற்கட்டின் பின்னால் அவளைப் பார்த்தபோது நான் தாவணி மாற்றியிருந்தேன். நீலத் தாவணியோடு அவள் என்னைப் பார்த்திருக்க முடியும் என்றால், அது மாடி வராந்தாவில் மட்டும்தான். அது அறைத்தோழியுடைய தாவணி. மத்தியானம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"பாத்தியாக்கா?" என்றேன்.

"பாத்தேன். ஒரு பிள்ள எறங்கி வந்துச்சு, நீ கையப் பிடிச்சு இழுத்த. நீ எழுதியிருந்தியே, யாரையும் விசாரிக்கக் கூடாதுன்னு. அதான் கூப்பிடல. கூப்பிட்டா ஒனக்குக் கொறச்சலாப் போயிருமேன்னு நின்னேன்." அடுத்த நிரையில் ஏறிவிட்டாள். "போ, பாவாடை நனையுது. படிக்கிற பிள்ள, சளி பிடிச்சுக்கும்" என்று அங்கிருந்து சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இந்த முப்பது வருடத்தில் எப்போதாவது நிம்மதியாக இருந்திருப்பேன்.

அதன்பின் நான் படித்து முடித்து, பாலக்காட்டிலேயே வங்கி வேலைக்குப் போனேன். அந்த வேலைக்கான விளம்பரத்தை வெட்டி அனுப்பியதும், பரீட்சைக்குத் தங்க எனக்கு இடம் கொடுத்ததும் கொல்லங்கோட்டு வீடுதான். ஒருவர் கை இன்னொருவரைத் தூக்கிவிடும், அவர் கை அடுத்தவரை என்று உலகம் நடப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். என் வரை வந்து அந்தக் கை நின்றது. அக்கா மூணாறுப் பக்கம் போய், அங்கும் பேர் பதிந்து, அங்கும் கொழுந்து கிள்ளினாள் என்று அம்மா சொன்னாள். நான் ஒரு கடிதம் எழுதவில்லை. அப்பா என் மகள் பிறக்கும் முன்பே போய்விட்டார். அம்மாவை என்னோடு அழைத்துவந்து கடைசிவரை வைத்துக்கொண்டேன். மகளிடம் "தாத்தா ஆபீஸில்" என்று நான் சொல்லும்போதெல்லாம் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். ஒரு முறைகூட என்னைத் திருத்தவில்லை.

இனி மகள் போனில் சொன்னது. அவள் பொறியியல் மூன்றாம் வருடம். வீட்டில் இதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்திராத பிள்ளைகள் சேரும்போது, ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்த மாணவியைத் துணையாகப் போடுகிறார்களாம். அப்படி ஒரு பெண்ணை இவளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். வால்பாறைப் பக்கத்து எஸ்டேட் பெண். "அய்யோ அம்மா, சரியான லூசும்மா அது. ஃபீஸ் கட்டுற கவுன்ட்டர் மூடிக் கெடக்கு, ரெண்டு மணி நேரம் அப்படியே நின்னுருக்கு. உள்ளே போய்க் கேக்கணும்னு தெரியல. எதுக்கெடுத்தாலும் அக்கா அக்கான்னு ரூமுக்கே வந்துருது, என் ஃப்ரெண்ட்ஸ் ஓட்டுறாளுங்க. நேத்து கண்டிச்சுச் சொல்லிட்டேன். என்னைத் தேடிக்கிட்டு எங்கேயும் வராதே, யார்கிட்டேயும் கேக்காதே, நானே வந்து பாக்குறேன்னு."

"போய்ப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"எங்கேம்மா, டைம் இல்ல" என்று சிரித்தாள்.

நான் அவளைத் திட்டவில்லை. எந்த வாயால் திட்டுவது? லயம் என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. ஆபீஸ் தாத்தாவின் பேத்தி என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தவள். ஜன்னலின் எந்தப் பக்கம் நிற்க வேண்டியவள் தன் அம்மா என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. "அந்தப் பொண்ணு பேரு என்ன?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மறந்துட்டேன்மா" என்றாள்.

சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறாள். இன்று காலை ஸ்டூலைப் போட்டு ஏறி, கம்பளியை இறக்கினேன். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. வெயிலில் போடவில்லை, அந்த வாடை போய்விடும். அவள் படுக்கும் கட்டிலில் விரித்துப் போட்டிருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளிப்பாள், இது யாருதும்மா என்று மறுபடியும் கேட்பாள். பதிலை நேற்றிலிருந்து வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அக்காவின் பெயரில் தொடங்க வேண்டும். இதுவரை மூன்று முறை முயன்றுவிட்டேன்.